ஒட்டுத்துண்டும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும்

மெஷினில் ஒன்றும் தெரியாது, பிள்ளைகளே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த யூனிபோமைப் போட்ட அடுத்த சனிக்கிழமையே ஏதோ ஒரு கல்யாண வீட்டில் உங்களிடம் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். அந்த ஸ்கானர் வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை என்னிடம் கேட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் கேட்டார்கள், செத்த வீட்டில் கேட்டார்கள். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் டொக்டர் என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டு கேட்டார். "உந்த மெஷினுக்கை நிண்டா உடுப்பில்லாமல் தெரியுமாமே அண்ணை, உண்மையோ?"

தெரியாது. திரையில் வருவது ஒரு பொம்மை. மூக்கில்லை, முழியில்லை, தொப்பையில்லை. எனக்கும் அதே பொம்மை, ஒரு சினிமா நடிகர் வந்தால் அவருக்கும் அதே பொம்மை. உடம்பில் ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பெட்டி விழும். அடுத்த ஆள் வரும்போது முந்தின ஆளின் பெட்டி போய்விடும். இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் அப்பிடித்தானே சொல்லுவியள்" என்பார்கள். சொன்ன கையோடு போனை எடுத்து, மகன் இப்போது எந்த ரோட்டில் என்ன வேகத்தில் போகிறான் என்று வரைபடத்தில் காட்டுவார்கள். வாசல் மணிக் கமராவில் விழுந்த பக்கத்து வீட்டுக்காரியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

எங்கள் பிள்ளைகள் நாலு பேர் இந்த மாதம் விமான நிலையத்தில் பயணிகள் சோதனைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ அங்கிள் என்று கேட்டீர்கள். பையை எப்படித் திறப்பது, கையுறையை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். எங்கள் சனத்தைப் பற்றி வகுப்பில் சொல்லித் தரமாட்டார்கள். உங்களோடு நிற்கும் மற்ற உத்தியோகத்தர்கள் நாள் முழுக்க அந்நியர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் மாமியைப் பார்ப்பீர்கள். மாமியின் கைப்பையையும் பார்ப்பீர்கள். அந்த மாமியை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறுபடியும் பார்ப்பீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கணக்கு மாஸ்ரரின் பை என் கைக்கு வந்தது. ஸ்காபரோவில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அறுபது வயதிலும் தலைமயிர் கறுகறுவென்று இருக்கும். பைக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் அதே கறுப்பு, அதே உச்சி பிரித்த தலைமயிர், இன்னொரு செற். நான் பெட்டியை மூடி, "போயிட்டு வாங்கோ மாஸ்ரர்" என்று அனுப்பிவிட்டேன். அதுவரை சரிதான். இரண்டு கிழமை கழித்து ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், "மாஸ்ரருக்கு இந்த வயசிலையும் என்ன தலைமயிர்!" என்று யாரோ வியந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "ஒண்டில்லை, ரெண்டு செற் கிடக்கு" என்றேன். மேசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நிமிர்ந்து பார்த்தால் பின்னால் மாஸ்ரர், கையில் மீன் கட்லற் வைத்த தட்டோடு நின்றார். தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் நான் அவரைக் காணவில்லை. இன்றைக்கும் கட்லற்றைக் கண்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் வேலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் என்ன நடந்தது என்று கேட்டார். கிழக்குக் கரையிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண். அதிகம் பேசமாட்டார். நான் ஒளிக்காமல் சொன்னேன். "கையுறையைக் கழற்றிக் குப்பையில் போடும்போது கண்டதையும் சேர்த்துப் போட வேண்டும்" என்றார். கடிதம் ஒன்றும் தரவில்லை. கடிதம் தந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் கண்டது எதையும் வெளியில் சொன்னதில்லை, சத்தியமாக. ஆனால் சனம் எனக்கு வைத்த 'றேடியோ ராசன்' என்ற பெயர் போகவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் என் மகன் கஜனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் மீரா. பிள்ளைகள் தாங்களே விரும்பியதுதான். என்றாலும் பெரியவர்கள் முறைப்படி பேச வேண்டாமா? நாங்கள் டோர்செட் பார்க்கில் பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர்கள். அவர்கள் ரூஜ் பக்கம் புது வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். என் மனைவி பவானி ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ காலநிலையை விசாரிப்பதுபோல, "குடும்பத்திலை வருத்தம் கிருத்தம் ஏதும்?" என்று கேட்டாள்.

"சீச்சீ, ஒண்டும் இல்லை" என்றார் மீராவின் தகப்பன் சிவநேசன். "உங்கடை பக்கம்?"

"சீச்சீ!" என்றாள் பவானி.

எனக்கு அப்போது பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. நான் பக்கத்தில் மலைபோல இருக்கும்போதே அவள் சொன்ன அந்தச் சீச்சீயை ரசித்துக்கொண்டிருந்தேன். ரீக்குச் சீனி போடட்டா என்று கேட்டபோது, "வேண்டாம், பழக்கமில்லை" என்றேன். "எனக்கும் பழக்கமில்லை" என்றார் சிவநேசன். அந்த இடத்திலேயே எனக்குப் பொறிதட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது சிவநேசன் வன்கூவருக்குப் புறப்பட்டார். அங்கே அவருடைய தமையன் இருக்கிறார். நேரில் வந்து கார்ட் தந்தால்தான் கல்யாணத்துக்கு வருவேன் என்று நிற்கிற தமையன். கார்ட் ஒன்று கொடுக்க இந்த நாட்டின் மேற்குக் கரை வரைக்கும் ஐந்து மணித்தியாலம் பறக்கிறவர்கள் எங்கள் ஆட்களாகத்தான் இருக்க முடியும்.

காலை ஒன்பதரை இருக்கும். நான் பை திறந்து பார்க்கும் மேசையில் நின்றேன். சிவநேசன் ஸ்கானருக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பொம்மை வந்தது. இடது மேற்கையில் ஒரு மஞ்சள் பெட்டி. தெரிந்த ஆள் வந்தால் நாங்கள் தொடக்கூடாது, மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். அதன்படி, "இவர் என் சம்பந்தி" என்று அங்கே நின்ற இளம் உத்தியோகத்தனிடம் சொல்லிவிட்டு நான் விலகி நின்றேன். அவன் நல்ல மரியாதையான பையன். கையைப் பார்க்க வேண்டும் ஐயா, இங்கேயே பார்க்கவா, தனி அறையில் பார்க்கவா என்று கேட்டான்.

சிவநேசனின் முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தி, கையிலை ஒரு ஒட்டுத்துண்டு கிடக்கு. சீனி பாக்கிறது. போனுக்கு நம்பர் அனுப்பும்."

"அதுக்கென்ன, காட்டுங்கோ."

"வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ. பவானி கேட்டவ, நான் இல்லையெண்டு சொன்னனான். மீராவின்ரை கல்யாணம், சம்மந்தி."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையா? எங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் என் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு மின்ற் ரின் இருந்தது. அதற்குள் மின்ற் இல்லை, சீனி வருத்தத்துக்கு நான் போடும் குளிசைகள் இருந்தன. கோபப்பட எனக்கு எங்கே முகம்?

"சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், தனி அறைதான் இருக்கிறதே என்று. வெள்ளைக்காரருக்கு அது சரி. அவர்களுக்குத் தனி அறை என்றால் மானத்தைக் காப்பாற்றும் இடம். எங்கள் சனத்துக்குத் தனி அறை என்றால் பிடிபட்ட இடம். 'அவரை உள்ளுக்குக் கொண்டு போனவங்களாம்' என்ற ஒரு வசனம் போதும், பொழுதுபடுவதற்குள் அந்த மனிதர் எதைக் கடத்தினார், எத்தனை வருடம் கடத்தினார் என்று ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும். சரி, வெளியிலேயே சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்லலாம் என்றால், வரிசையில் அடுத்து நின்றது யார் தெரியுமா? ராணியக்கா.

ராணியக்கா எங்கள் ஊர்ச் சங்கத்தின் போன் குழுவுக்குப் பொறுப்பானவர். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீடு விற்றார், யாருடைய மகள் யாரோடு பேசுகிறாள் என்பதெல்லாம் முதலில் அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும். அன்றைக்கு அவரும் அதே பிளேனில் வன்கூவருக்கு, மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் சிவநேசனை இன்னும் கவனிக்கவில்லை. குனிந்து சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து பெல்ற்றில் ராணியக்காவின் பை தானாகவே சோதனைப் பக்கம் தள்ளுப்பட்டு வந்தது. எக்ஸ்ரே பார்த்தவர் கையைக் காட்டினார், உள்ளே பெரிய போத்தல் ஒன்று. ராணியக்காவும் தெரிந்தவர்தான், அந்தப் பையையும் நான் வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கடவுளே கொண்டுவந்து தந்ததாக நினைத்துவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு மேசையின் மற்றத் தொங்கலுக்குப் போனேன். ஸ்கானரைத் தாண்டி வரும் ராணியக்கா தனி அறைக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்று, "ராணியக்கா, இஞ்சை வாங்கோ, உங்கடை பைக்குள்ளை என்ன கிடக்கு?" என்று கூப்பிட்டேன். சிவநேசனுக்குக் கண்ணால் காட்டினேன், உள்ளே போங்கோ என்று.

"ஆர், ராசனே? நல்லெண்ணெய் தம்பி. பிள்ளைக்குப் பத்தியத்துக்கு."

"அக்கா, ஒரு போத்தல் எண்ணெயைக் கையிலை கொண்டு போகேலாது."

"ஏன் ஏலாது? ஊரிலை செக்கிலை ஆட்டினது. பெட்டிக்குள்ளை வைச்சா உடைஞ்சு போமெண்டுதானே கையிலை வைச்சனான். பிள்ளை பெத்தவளுக்கு எண்ணெய் குடுக்காமல் விடுறதே? இந்த எண்ணெயாலை பிளேன் வெடிக்கப் போகுதோ?"

"வெடிக்காதக்கா. ஆனால் சட்டம்."

"உன்ரை மனிசிக்குக் கஜன் பிறக்கேக்கை ஆர் எண்ணெய் தந்தது? நான்தானே?"

உண்மைதான். அவர்தான் தந்தார். இன்னும் ஐந்து நிமிடம் அவர் இப்படியே சண்டை பிடித்தால் போதும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்போது ராணியக்கா போனை எடுத்து மகளுக்கு வீடியோ கோல் போட்டார். "பார் பிள்ளை, உன்ரை எண்ணெயை எறியப் போறாங்கள். எங்கடை ராசன்தான் எறியப் போறான்."

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். சோதனை மேசையில் போனைத் தூக்கிப் பிடிக்க விடக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் நான் விட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் சிவநேசனைப் பார்க்கமாட்டார் என்று கணக்குப் போட்டேன். ராணியக்காவின் கண்ணைத்தான் கவனித்தேனே தவிர, போனின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யோசிக்கவில்லை. அது ராணியக்காவின் முகத்தையும், முகத்துக்குப் பின்னால் கிடந்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். சிவநேசன் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, ஒருவரையும் பார்க்காமல் வாசல் பக்கம் போனார். எண்ணெய்ப் போத்தல் குப்பைக்குப் போனது. ராணியக்கா, "நீ உருப்படமாட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு கோப்பி குடித்தேன்.

வேலை நேரத்தில் போன் லொக்கருக்குள் இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எடுத்துப் பார்த்தால் பவானி பதினொரு தடவை கோல் எடுத்திருக்கிறாள். குழுவில் அறுபத்துமூன்று செய்திகள். முதலாவது ராணியக்காவின் மகள் போட்ட படம். அவள் ஒரு கெட்ட எண்ணத்தோடும் போடவில்லை, பாவம். தாய் எண்ணெய்க்குச் சண்டை பிடிப்பது பகிடியாக இருக்கிறதே என்று திரையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறாள். முன்னால் ராணியக்காவின் பாதி முகம். பின்னால், நீலக் கையுறை போட்ட உத்தியோகத்தன் திரைச்சீலையை விலக்கிப் பிடிக்க, குனிந்த தலையோடு தனி அறைக்குள் போகும் சிவநேசன், தெளிவாக. கீழே ஒரு வரி கேட்டிருந்தாள்: இது ரூஜ் சிவநேசன் அங்கிள் எல்லோ, ஏன் உள்ளுக்குக் கொண்டு போகினம்?

அதற்குப் பிறகு அறுபத்திரண்டு விளக்கம். நகை என்றார் ஒருவர். காசு என்றார் இன்னொருவர். விமானங்களின் போக்கைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருக்கும் ஒரு ஞானி, அந்தப் பிளேன் ஒன்றரை மணித்தியாலம் பிந்தித்தான் வெளிக்கிட்டது என்பதைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தார். அது மழையால் பிந்தியது, எனக்குத் தெரியும். குழுவில் அது சிவநேசனைச் சோதிக்க நிறுத்தி வைத்த பிளேனாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காரை எடுத்தேன். விமான நிலையம் இருக்கும் மிசிசாகாவிலிருந்து வீடு வரும்வரை ஒரு மணித்தியாலம் எனக்கு நானே கத்திக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்ததும் பவானி. கஜனும் வேலையிலிருந்து வந்து சோபாவில் இருந்தான்.

"என்னத்தைப் பிடிச்சவங்கள்?"

"ஒண்டையும் பிடிக்கேல்லை. பிடிச்சா பிளேனிலை ஏத்துவாங்களோ? யோசியும்."

"அப்ப என்னத்துக்கு உள்ளுக்குக் கொண்டு போனவங்கள்?"

"அது சொல்லேலாது."

"எனக்குச் சொல்லேலாதோ? நான் ஆர், பிறத்தியாளோ?"

"வேலையிலை கண்டதைச் சொல்லேலாதப்பா."

"ஓ! மாஸ்ரரின்ரை தலைமயிர் மட்டும் சொல்லலாமோ?"

அது சரியான இடத்தில் பட்டது. கஜன் எழும்பி வந்தான். "அப்பா, just tell me one thing. Meera's dad is okay, right? அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். She's crying."

பாருங்கோ பிள்ளைகளே, இதுதான் எங்கள் வேலையில் கஷ்டமான இடம். எக்ஸ்ரேயில் கத்தியைக் கண்டுபிடிப்பதெல்லாம் சும்மா. 'அவருக்குச் சீனி, அதுக்கு ஒரு ஒட்டுத்துண்டு' என்று நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். மனிதரின் பெயர் தப்பியிருக்கும், என் மகனின் முகம் தெளிந்திருக்கும், பவானிக்கும் நெஞ்சு ஆறியிருக்கும். ஆனால் சொல்லாதேங்கோ என்று அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர் உயிரோடுதானே இருக்கிறார், இறங்கியதும் அவரே தீர்மானிக்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன். சிவநேசனுக்கு நானும் மூன்று தடவை எடுத்தேன். ஆகாயத்தில் பறக்கிற மனிதர் எப்படி எடுப்பார்?

"மாமா சுகமாத்தான் இருக்கிறார். அவ்வளவுதான் சொல்லுவன்" என்றேன் கஜனிடம்.

பவானி மணிக்கூட்டைப் பார்த்தாள். "அஞ்சு மணி வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை நீங்கள் சொல்லாட்டி நான் மீராவின்ரை தாய்க்கு எடுத்து, கல்யாணத்தைத் தள்ளி வைப்பம் எண்டு சொல்லப் போறன். என்ன ஏதெண்டு தெரியாமல் என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது."

"அம்மா!" என்றான் கஜன்.

"வாயை மூடு. உன்ரை கொப்பரைப் போல."

நாலரை மணி ஆனது. பவானி ரீ ஊற்றித் தந்தாள், கோபத்தில் சீனி போட்டிருந்தாள். அதையும் குடித்தேன். நாலு ஐம்பதுக்கு மூன்று போன்களும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

குழுவில் சிவநேசன் ஒரு படம் போட்டிருந்தார். வன்கூவர் விமான நிலையத்துக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால், சட்டை கழற்றி, தொப்பையும் நெஞ்சு மயிரும் தெரிய, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது மேற்கையில் சில்லறைக் காசளவு வெள்ளை வட்டம். கீழே எழுதியிருந்தார்: எனக்குப் பதினொரு வருசமாகச் சீனி. இது அதைப் பார்க்கிற துண்டு. ராசனைக் கேட்டால் மிச்சம் சொல்லுவார்.

பவானி படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கஜன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் போய் மீராவுக்குப் போன் எடுத்தான். என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பவானி கையைக் காட்டினாள்.

"சம்மந்தி, படம் பாத்தியளோ?"

"பாத்தனான்."

"எனக்குக் கோவமில்லை. நீங்கள் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். இறங்கிப் போனைப் போட்டா, பவானியின்ரை கோல், உங்கடை கோல், குழுவிலை நூறு மெசேச். சரி, ராசன் அவிட்டு விட்டிட்டார், இனி என்னத்தை மறைக்கிறதெண்டு நானே போட்டிட்டன்."

"நான் சொல்லேல்லை."

"என்ன?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பவானிக்கும் சொல்லேல்லை. நீங்கள் நகை கடத்தினனீங்கள் எண்டுதான் அவை கதைச்சுக்கொண்டு இருக்கினம். மெசேச் ஒண்டையும் வாசிக்கேல்லையோ?"

போனுக்குள் யாரோ ஒரு பயணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அறிவித்தல் மட்டும் கேட்டது.

"ஐயோ கடவுளே" என்றார் சிவநேசன். "அப்ப நான் ஏன் சட்டையைக் கழட்டினனான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு நெஞ்சுக்குள் எரிந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு மணித்தியாலம் பெண்டாட்டி, பிள்ளை எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அந்த மனிதர் ஒரு நிமிடம்கூட அதை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? இருபது வருடத்துக்கு முந்தின ஒரு கட்லற்றை அவரும் கேள்விப்பட்டிருக்கிறாரே.

பவானி என் கையிலிருந்த போனைப் பறித்தாள்.

"அண்ணை, இந்த மனிசன் வாய் திறக்கேல்லை. நான் சாட்சி. நான் என்ன பேச்செல்லாம் பேசினனான் தெரியுமே? கல்லுப்போல இருந்தவர். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. சீனி என்ன பெரிய வருத்தமே? இவருக்கும் பத்து வருசமாச் சீனிதான். மின்ற் ரின்னுக்கை குளிசையை ஒளிச்சு வைச்சுக்கொண்டு திரியிறார்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்தினாள். வன்கூவரிலிருந்து சிவநேசன் சிரித்த சிரிப்பு எங்கள் பன்னிரண்டாம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். "அண்டைக்கு ரீக்குச் சீனி பழக்கமில்லை எண்டு சொன்னனீங்கள் எல்லோ, ராசன்!" என்று கத்தினார். அதுவரை சம்மந்தி என்றே கூப்பிட்டவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று பொழுதுபடக் குழுவில் வேறு கைகளும் வரத் தொடங்கின. ஆறோ ஏழோ. நகை என்று சொன்னவரின் கையிலும் ஒரு வட்டம் இருந்தது. ராணியக்கா மகளின் வீட்டுக் குசினியிலிருந்து தன் கையைப் போட்டு, 'எனக்கும்தான், எண்ணெயை எறிஞ்ச ராசனை மட்டும் மன்னிக்கமாட்டன்' என்று எழுதியிருந்தார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. கணக்கு மாஸ்ரருக்குக் கார்ட் கொடுக்க நான் நேரில் போனேன். வாசலில் நின்றபடியே, நான் அன்று சொன்னது பிழை என்று சொன்னேன். கார்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். கல்யாணத்துக்கு வந்தார், நல்ல மொட்டைத் தலையோடு வந்தார். கட்லற் எடுத்தாரா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே பிள்ளைகளே, அந்தக் கல்யாண வீட்டில் உங்களைக் கேட்பார்கள், மெஷினுக்குள் நின்றால் உடுப்பில்லாமல் தெரியுமா என்று. தெரியாது என்று சொல்லுங்கள், அது உண்மை. எங்கள் மெஷின் ஒருவரின் உடுப்பையும் கழற்றியதில்லை. நான் ஒருமுறை வாயைத் திறந்ததால்தான், இருபது வருடம் கழித்து ஒரு மானமுள்ள மனிதர் வன்கூவர் கழிவறைக்குள் நின்று தன் கையாலேயே சட்டையைக் கழற்ற வேண்டி வந்தது.